வலுசர்ப்பத்தை விட்டு ஓடிய இளவரசன்

விருதுநகரில் நான் படித்துக்கொண்டிருந்த நாளில், ராஜா ராணிப் படம் எது வந்தாலும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவேன். பாண்டியன் என்றோ சோழன் என்றோ ஒரு பெயரைச் சும்மா அலங்காரத்துக்கு வைத்துக்கொண்டு, அதன்மேல் பறக்கும் கம்பளம், பேசும் கிளி, ஏழு பூட்டுப் போட்ட பெட்டி, பெட்டிக்குள் மந்திரவாதியின் உயிர் என்று அடுக்கிக்கொண்டே போவார்களே, அந்த மாதிரிப் படம். இதெல்லாம் எந்த நூற்றாண்டில் நடந்தது என்று கேட்கக் கூடாது. ஒருமுறை கேட்டேன். பக்கத்தில் இருந்த அக்கா, "சும்மா பாருடி, நீ என்ன பரிச்சைக்கா வந்திருக்க?" என்று தொடையில் கிள்ளிவிட்டாள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள்; எங்கள் வீட்டில் சினிமா பாவம். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமை திரும்பவும் போவேன். கொட்டகைக்குப் பின்னாலேயே மிளகாய் வற்றல் கிட்டங்கி. மூட்டை ஏற்றுகிற நாளில் பாதிப் படம் தும்மலில் போய்விடும். மந்திரவாதி கதாநாயகியைக் கல்லாக மாற்றும் இடத்தில் கொட்டகையே கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும். அது மிளகாயா, மனசா என்று என்னால் சொல்ல முடியாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஆசிரியைப் பயிற்சி முடித்த கையோடு எம். புதுப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஊரைச் சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள். காலையில் சனங்கள் பட்டாசு செய்கிற செட்டுக்குப் போவார்கள், வெளிச்சம் இருக்கும்போதே திரும்புவார்கள். எல்லாம் சரி, சினிமாக் கொட்டகைதான் இல்லை. மூன்று மாதம் பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை. இல்லாத சினிமாவை நானே உண்டாக்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

பள்ளி ஆண்டு விழாவில் கடைசி நிகழ்ச்சியாக ஊர்க்காரர்கள் ஒரு நாடகம் போடுவது வழக்கம். வழக்கமான நாடகத்தில் ஒருவர் குடிப்பார், மனைவி அழுவாள், அவர் திருந்துவார், எல்லாரும் பாட்டுப் பாடுவார்கள். "இந்த வருஷம் நான் எழுதுகிறேன்" என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். "திருந்துவாரா?" என்று மட்டும் கேட்டார்கள். "கெட்டவன் செத்தே போவான்" என்றேன். சம்மதித்துவிட்டார்கள்.

பயிற்சிப் பள்ளி நூலகத்தில் படித்த ஐரோப்பியப் பழங்கதை ஒன்று என் தலைக்குள் வெகுநாளாகக் குடியிருந்தது. சிறகு முளைத்த பெரும்பாம்பு ஒன்று, வாயால் புகை விட்டுக்கொண்டு, ஊர் எல்லையில் வந்து படுத்துவிடும். தினம் ஓர் ஆள் வேண்டும் என்று கேட்கும். கடைசியில் ராஜாவின் மகளுக்கே முறை வரும். எங்கிருந்தோ வந்த வீரன் அதைக் கொன்று அவளை மீட்பான். நான் அந்தக் கதையைத் தூக்கிக்கொண்டுவந்து பாண்டிய நாட்டில் வைத்தேன். வீரனை இளவரசன் ஆக்கினேன். பாம்புக்கு வலுசர்ப்பம் என்று பெயர் வைத்தேன். எங்கள் வேதாகமத்தில் வரும் சொல் அது. கோவிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மற்றப் பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

"பாம்புக்கு எதுக்கு டீச்சர் செறகு?" என்றான் ஒருவன்.

"பறக்கிறதுக்கு."

"பறந்தா அது பருந்துல்லா?"

இவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் நாடகம் எப்போது போடுவது?

வலுசர்ப்பத்தைச் செய்து தருகிற பொறுப்பை ஒரு கம்பெனியின் போர்மேன் ஏற்றுக்கொண்டார். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். மூங்கில் பத்தையில் கூடு கட்டி, சிவகாசி அச்சாபீசில் கழித்துப் போட்ட லேபிள் தாள்களை வாங்கிவந்து ஒட்டினார். பட்டாசுப் பெட்டிக்கு மேல் ஒட்டுகிற லேபிள்தான். நிறம் விலகி அச்சானதால் கழித்துவிட்டார்கள். அதனால் என் வலுசர்ப்பத்தின் உடம்பு முழுக்க இரட்டை மூக்குக் கிளியும் தாமரையும். பார்க்கப் பயமாக இல்லை, ஆனால் அழகாக இருந்தது.

"வாயில் இருந்து நெருப்பு வரணும் அண்ணாச்சி. ஒரு சின்னப் புஸ்வாணம் வைத்தால்கூடப் போதும்" என்றேன்.

அவர் கையிலிருந்த பசைக் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். "வெடிமருந்துன்னு ஒரு சிட்டிகை மேடைக்கு வந்துச்சு, நான் வரமாட்டேன். சாம்பிராணி போடுவோம். பொகை வரும், வாசமும் வரும், சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு."

அப்படியே ஏற்பாடாயிற்று. படுதாவுக்குப் பின்னால் மணல் பரப்பிய தட்டில் கனல் சட்டி. அதிலிருந்து ஒரு பழைய சைக்கிள் டியூப் வலுசர்ப்பத்தின் வாய்க்குள் போகும். கொல்லரிடம் இரவல் வாங்கிய துருத்தியால் ஊதினால் புகை குபுகுபுவென்று வரும். முன்னங்கால்களாக அண்ணாச்சியும் பின்னங்கால்களாக அவர் செட்டு ஆள் ஒருவரும் உள்ளே புகுந்துகொள்வார்கள். ராஜகுமாரி வேடத்துக்குத் தபால்காரர். மீசையை எடுக்க அவரைச் சம்மதிக்கவைத்ததே ஒரு தனி நாடகம்.

இளவரசனாக நடிக்கப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் இளைஞன் ஒருவன் கிடைத்தான். எட்டாவது வரை படித்தவன். குரல் என்றால் குரல்! நான் எழுதியதை அவன் சொல்லும்போது நான்தான் எழுதினேனா என்று எனக்கே சந்தேகம் வரும். இனி அவனை இளவரசன் என்றே சொல்கிறேன். ஊரும் அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்திருந்தது.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவன் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். தீப்பெட்டி ஒட்டிய பசை விரலில் காய்ந்திருந்தது.

"டீச்சரம்மா, ஒரு சங்கதி. விஸ்வநத்தத்துல ஒரு பொண்ணு இருக்கு. அங்கனயும் பட்டாசு வேலைதான். இவன் சிவகாசி அம்மன் பொங்கல்ல ஒருதரம் பாத்திருக்கான். அதுல இருந்து வேற எந்தப் பொண்ணச் சொன்னாலும் வேண்டாங்கான். அவுக ஆளுக மாப்பிள்ளைய நேர்ல பாக்கணும்னாக. நாடகத்தன்னிக்கு வாங்கன்னு சொல்லிட்டேன்."

"நல்லதாப் போச்சே!"

"நல்லதுதான். ஆனா தாய்மாமன் ஒருத்தரு இருக்காரு. விருதுநகர்ல மிளகா மண்டி. அவரு தலையாட்டினாத்தான் அந்த வீட்டுல ஒல கொதிக்கும். நம்ம பயலக் கொஞ்சம் எடுப்பா நிக்க வைங்க தாயி."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா மூணு நாளா கண்ணாடி முன்னாலயே நிக்கான்?"

எனக்குக் கேட்க வேண்டுமா? அன்றைக்கே உட்கார்ந்து இளவரசனுக்கு ஒரு பக்கம் வசனம் கூட்டிவிட்டேன். 'அஞ்சேன்! பின்வாங்கேன்! புறமுதுகு காட்டிய வம்சமல்ல என் வம்சம்! ஆயிரம் வலுசர்ப்பம் வந்தாலும் இந்த மண்ணை விட்டு ஓரடி நகரேன்!' தாய்மாமன் தலையாட்டாமல் என்ன செய்வார்? அந்தக் கல்யாணத்தை நானே முடித்துவைத்ததுபோல அன்று இரண்டு வாழைப்பழம் அதிகமாகச் சாப்பிட்டேன்.

விழா மாலை நாலரை மணிக்கு ஆரம்பித்தது. ஊரே மைதானத்து மணலில் உட்கார்ந்திருந்தது. முன்வரிசை நாற்காலிகளில் விருதுநகரிலிருந்து வந்த ஆசிரியைகள். அவர்களுக்குப் பக்கத்தில் சலவைச் சட்டை போட்டு, துண்டை விசிறியாக்கிக்கொண்டு தாய்மாமன். அந்தப் பெண் பின்னால், பெண்கள் கூட்டத்தில் இருந்தாள். நெட்டையாக, கனகாம்பரம் வைத்து, நகக்கண்ணில் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளிப் பொடி இன்னும் மினுங்கிக்கொண்டு. படுதாவின் ஓட்டை வழியாக நான் பார்த்தேன். எனக்கு முன்பே இளவரசன் பார்த்துவிட்டிருந்தான்.

அவன் மேடையில் ஏறியதும் கைதட்டல் எழும்பியது. 'அஞ்சேன்' என்றபோது தாய்மாமனின் விசிறி நின்றது. 'ஓரடி நகரேன்' என்றபோது அவர் பக்கத்து ஆளிடம் குனிந்து ஏதோ சொல்லித் தலையாட்டினார். ஆட்டினாரே! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அடுத்ததாக வலுசர்ப்பம் வாலால் அடிக்க, இளவரசன் விழ வேண்டும். கம்பத்தில் கட்டப்பட்ட ராஜகுமாரி ஒரு ஜெபம் சொல்வாள். ஜெபம் முடிந்ததும் அவன் எழுந்து வாளைப் பாய்ச்சுவான். வால் அடித்தது. அவன் விழுந்தான். ரொம்ப நன்றாகவே விழுந்துவிட்டான். அட்டைக் கிரீடம் இறங்கிக் கண்ணையும் காதையும் மூடிக்கொண்டது. தபால்காரர் ஜெபத்தைச் சொல்லி முடித்தார். ஆள் அசையவில்லை. இரண்டாம் முறை சொன்னார். துருத்திக்காரர் உற்சாகத்தில் ஊதித் தள்ள, புகை மேடையை நிறைத்தது. தபால்காரர் மூன்றாம் முறை ஆரம்பித்து, நடுவில் இருமி, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் படுதாவுக்குப் பின்னாலிருந்து கத்தினேன்.

"எந்திரி! ஏய், எந்திரி! எந்திரி!"

இளவரசன் எழுந்தான். வாளைத் தூக்கித் தூர எறிந்தான். வேட்டியை ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்து ஓடினான்.

அவன் மட்டுமா? மைதானமே எழுந்துவிட்டது. ஒரு கூச்சல் இல்லை, ஓர் அழுகை இல்லை. தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் வாரிக்கொண்டார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டன. காலடிச் சத்தம் மட்டும்தான். அத்தனை பேரும் ஒரே திசையில், முள் உடைமரங்கள் இருந்த பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வலுசர்ப்பமும் ஓடியது. முன்னங்கால்களுக்குப் பின்னங்கால்கள் ஈடுகொடுக்க முடியாமல் நடுவில் கிழிந்து, இரண்டு துண்டாக ஓடியது.

மணல் காலியாகிவிட்டது. நாற்காலிக்காரர்கள் மட்டும் அப்படியே இருந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆகா!" என்றார் தாய்மாமன். "சனம் அம்புட்டும் நடிக்குதே! என்னமா எடுத்திருக்காக!"

"என்னய அவுத்து விடுங்கய்யா!" என்று ராஜகுமாரி கம்பத்திலிருந்து அலறினாள்.

நான்தான் போய் அவிழ்த்துவிட்டேன். என்ன நடந்தது என்றே எனக்குப் புரியவில்லை.

சற்று நேரத்தில் அண்ணாச்சி வலுசர்ப்பத்தின் தலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது. "யாரு அந்த வார்த்தையச் சொன்னது?"

"எந்த வார்த்தை?"

"எந்திரின்னு."

"நான்தான் அண்ணாச்சி. அவன் எழுந்திருக்கவில்லையே என்று..."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மேடை ஓரத்தில் உட்கார்ந்து, சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாத முகத்துடன் விளக்கினார். செட்டுக்குள் தீ என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. எல்லாரும் தரையில் உட்கார்ந்துதான் வேலை பார்ப்பார்கள். ஏதாவது கோளாறு என்றால், முதலில் பார்த்தவர் சொல்கிற சொல் 'எந்திரி' என்பதுதான். அது காதில் விழுந்தால் என்ன ஏது என்று கேட்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. கையில் இரும்பு எதுவும் இருந்தால், பொறி பறக்கும் என்று தூரப் போட்டுவிட்டு, காற்று வருகிற பக்கமாக ஓட வேண்டும். தவழ்கிற பிள்ளைக்குக்கூட இது பழக்கம்.

"அப்போ தூங்குகிற ஆளை எப்படித்தான் எழுப்புவீர்கள்?"

"எளும்புன்னுவோம். இல்ல, தண்ணி தெளிப்போம். அந்த வார்த்த மட்டும் வீட்டுக்கு ஆகாது டீச்சர்."

நான் அந்த ஊரில் எட்டு மாதம் இருந்திருந்தேன். வகுப்பில் 'ஸ்டாண்டப்', 'சிட்டவுன்' என்று இங்கிலீஷில் பெருமையடித்துக்கொண்டு இருந்ததால் இந்த விஷயம் என் காதுக்கு வராமலே போயிருக்கிறது.

பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்ட தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்பம் மாப்பிள்ள நடிக்கலையா? நெசமாவே ஓடிட்டாரா? வம்சமே புறமுதுகு காட்டாதுன்னாரே! நாளைக்கு எங்க பிள்ளைக்கு ஒண்ணுன்னாலும் இப்பிடித்தான் வேட்டியச் சுருட்டுவாரோ?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இருட்டுமுன் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாளிலிருந்து இளவரசனால் தெருவில் நடக்க முடியவில்லை. "ஏலே, ஓட்டக்கார ராசா! பின்னால கிளிப்பாம்பு வருதுலே!" என்று அவனோடு சேர்ந்து ஓடியவர்களே கேலி செய்தார்கள். அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் படுத்தான். மூன்றாம் நாள் அவன் அம்மா வந்து இதைச் சொன்னார்கள். பாண்டிய நாடும் வேண்டாம், பழங்கதையும் வேண்டாம், அந்த வசனத்தை எழுதிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று ஆகிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை; காலை ஆராதனையை விட்டுவிட்டு, அந்த அம்மாவோடு விஸ்வநத்தம் போனேன். தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுவதுதான் திட்டம். பஸ்ஸில் போகும்போதே மூன்று விதமாகப் பேசிப் பார்த்துக்கொண்டேன்.

தாய்மாமன் அங்கேதான் இருந்தார். "வாங்க டீச்சர், வாங்க. இன்னிக்கு என்ன நாடகம்?" என்றார். பாய் விரித்தார்கள். காபி வந்தது. கொண்டுவந்தவள் அந்தப் பெண்தான். போகாமல் கதவோரம் நின்றுகொண்டாள்.

நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நான் வெளியூர்க்காரி, அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாது, நான் கத்தாவிட்டால் அவன் நின்று வெட்டியிருப்பான், பயந்தவன் இல்லை என்று.

"டீச்சர், ஒங்க மேல குத்தமே இல்ல" என்றார் தாய்மாமன். "ஆனா ஒரு ஆம்பளைன்னா ஒரு நிமிசம் நின்னு என்னன்னு பாக்க வேண்டாமா? நான் நிக்கலையா? நாக்காலிய விட்டு அசையலையே!"

கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "அதச் சொல்லாதீக மாமா. எங்க செட்டுல நீங்க ஒரு நாளு வேல பாக்க முடியாது."

"ஏன் தாயி?"

"நின்னு பாக்குறவுகள வேலைக்கு வைக்க மாட்டாக. நின்னு பாத்தவுக பேரெல்லாம் நான் சொல்லவா?"

தாய்மாமன் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவளே தொடர்ந்தாள். "வாள மொதல்ல தூரப் போட்டாரு. கிரீடம் கண்ண மறைச்சும் திசை மாறல. காத்து வர்ற பக்கம் பாத்துத்தான் ஓடுனாரு. நான் உடமரத்துக்குப் போறதுக்கு முன்னால அங்கன நிக்காரு."

"அப்பம் ஒன்னயவிட வேகமா ஓடுனான்னு சொல்லு" என்றார் மாமன், கேலியை விட மனமில்லாமல்.

"ஆமா. எங்க செட்டுல என்னய முந்துன ஆளு இதுவரைக்கும் கெடையாது."

இதை அவள் சொன்ன விதம் இருக்கிறதே! நான் எழுதிய அத்தனை வசனத்திலும் அப்படி ஒரு வரி இல்லை. தாய்மாமன் அவளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்புறம் அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. "சரித்தான்! ரெண்டு பேரும் சேந்து ஓடுங்க. நான் நாக்காலியில இருந்து கைதட்டுதேன்" என்றார். வைகாசியில் நாள் பார்க்கலாம் என்ற பேச்சு உடனே ஆரம்பமாகிவிட்டது.

புறப்படும்போது அந்தப் பெண் வாசல்வரை வந்தாள். "டீச்சர், அந்த ராசகுமாரியக் கட்டிப்போட்டது யாரு?"

"கதை அப்படி" என்றேன்.

"கட்டிப்போட்டுட்டு எப்பிடி ஓடச் சொல்லுவீக? அடுத்த வருசம் அவுத்து விட்டுருங்க."

திரும்பும் பஸ்ஸில் இளவரசனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "தாயி, நீங்க போனதும் சொல்லிராதீக. நாலு நாளா அரப்பட்டினி. மொதல்ல ஒரு வட்டில் சோறு திங்கட்டும். இப்பமே சொன்னா சந்தோசத்துல திங்க மாட்டான்."

"சரிம்மா, சொல்லவில்லை" என்று சத்தியமே செய்தேன்.

புதுப்பட்டி நிறுத்தத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். யாருக்காகவோ காத்திருப்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, கையில் ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டு. பஸ் இன்னும் நிற்கக்கூட இல்லை. நான் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டேன்.

"வைகாசியில்! வைகாசியில் கல்யாணம்!"

அவன் குச்சியைக் கீழே போட்டான். வேட்டியை மடித்துக் கட்டினான். பிறகு, சொன்னால் நம்ப வேண்டும், பஸ்ஸோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தான்.

"போச்சு" என்றார்கள் அவன் அம்மா. "இன்னிக்கும் சோறு எறங்காது."